மாரியில் முற்றத்துக் குருவிகளுக்குத் தீன்: எதை, எவ்வளவு, எங்கே?

மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாரி தொடங்கிய பிறகு வளவுக்கு வரும் குருவிகளுக்குத் தீன் வைக்க ஆசைப்பட்டு, வேலியோரம் ஒரு பிளாஸ்டிக் தட்டில் தினையும் மிஞ்சிய சோறும் வைத்தேன். மூன்றாம் நாள் தினை முளைவிட்டுப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. வந்தது காகமும் எலியும்தான். வீட்டில் நிறுத்தச் சொல்கிறார்கள். எங்கே பிழை விட்டேன்?"

நிறுத்த வேண்டாம். முளை, காகம், எலி மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். தீன் அளவுக்கு மிஞ்சி, நாள் முழுக்க, மழை படும் இடத்தில் இருந்திருக்கிறது. அதைத் திருத்த ஒரு நாள் வேலை போதும்.

முதலில் ஒன்று விளங்க வேண்டும். குருவிக்குத் தீன் வைப்பது பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி குளிர்நாடுகளுக்கு எழுதப்பட்டது. அங்கே பனி நிலத்தை மூடிவிடும், இரவு பதினைந்து பதினாறு மணிநேரம் நீளும். ஒரு நாள் தீன் தவறினால் சிறு குருவி விடியுமுன் செத்துப்போகலாம். மட்டக்களப்பில் மார்கழி இரவும் பன்னிரண்டு மணிநேரத்தைச் சற்றுத்தான் தாண்டும். இங்கே குருவியை வருத்துவது குளிர் அல்ல, அடைமழை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் நவம்பர் முதல் ஜனவரி வரையான மூன்று மாதத்தில் கொட்டித் தீர்க்கிறது. மூன்று நாலு நாள் விடாமல் பெய்தால் பூச்சி பறக்காது, பூவில் தேன் கழுவுண்டு போகும், நிலத்தில் கிடந்த விதை முளைத்துவிடும். அந்த இரண்டு மூன்று நாளுக்குத்தான் எங்கள் தட்டு உதவி. மற்ற நாளில் அது ஒரு கைச்செலவுக் காசு மாதிரி. இல்லாவிட்டாலும் அவற்றின் பிழைப்பு நடக்கும். ஆகவே கல்யாணத்துக்கோ வேறு அலுவலுக்கோ நாலு நாள் வெளியூர் போனால் மனம் குறுகத் தேவையில்லை. அதேபோல், கெட்ட தீனை வைப்பதைவிட வைக்காமல் விடுவது எவ்வளவோ மேல்.

இனி இடம். மாரி மழை வாடைக்காற்றோடு வடகிழக்கில் இருந்து சாய்ந்து அடிக்கும். வேலியோரத் தட்டுக்கு எந்த மறைப்பும் இல்லை. வீட்டின் தென்மேற்குப் பக்கச் சுவரைப் பாருங்கள். கூரைத் தாழ்வாரத்தின் கீழே ஓரடி அகலத்துக்கு மண் காய்ந்தே கிடக்கும். உங்கள் வீடே குருவிக்குக் குடை பிடிக்கிற அந்த இடத்தில் தட்டை வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. யன்னலில் இருந்து பார்க்கவும் வசதி. யன்னல் கண்ணாடியில் ஆகாயம் தெரிந்தால் மட்டும், வெளிப்பக்கம் இரண்டு அங்குலத்துக்கு ஒரு வெள்ளைப் புள்ளி வீதம் சுண்ணாம்பால் இடுங்கள். இல்லாவிட்டால் கலைந்து எழும்பும் குருவி கண்ணாடியில் அடிபடும்.

பிளாஸ்டிக் தட்டை விட்டுவிடுங்கள். தண்ணீர் வடியாது, வழுக்கும். ஒன்றரை அடிக்கு ஓரடி மரச்சட்டம் ஒன்று அடித்து, அடியில் யன்னலுக்குப் போடும் அலுமினிய நுளம்புவலையை இழுத்து ஆணியடியுங்கள். தினை அதில் தங்கும், தூவானம் ஒழுகிவிடும், கீழிருந்து காற்றுப் பட்டு மேலே உள்ளது உலரும். சட்டத்தின் விளிம்பு ஓர் அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். குருவி குனிந்து தின்னும்போதும் சுற்றுமுற்றும் பார்க்க வேண்டும். பார்வை மறைந்தால் வராது. தாழ்வாரம் இல்லாத இடத்தில் வைக்க நேர்ந்தால், நாலு மூலையில் கம்பு நட்டு இரண்டு மடி கிடுகால் கூரை போடுங்கள், தட்டைவிட அரையடி வெளியே நீட்டி. தகரம் வேண்டாம். மழைத்துளி தகரத்தில் அடிக்கும் சத்தத்துக்கே முதல் வாரம் எதுவும் அண்டாது.

ஒன்றரை லீட்டர் சோடாப் போத்தலில் மரக்கரண்டி செருகித் தொங்கவிடும் முறை படங்களில் அழகாக இருக்கும். மாரிக்கு அது சரிவராது. கரண்டி உள்நோக்கிச் சற்றுச் சரிந்தாலும் அதன் வழியே தண்ணீர் போத்தலுக்குள் இறங்கும். சரியாகச் செருகினாலும், பகல் சூட்டில் உள்ளே வியர்த்து அடித் தானியம் கட்டிபடும். மேலே காய்ந்த தினை தெரிவதால் அடியில் பூஞ்சணம் இருப்பது கண்ணில் படாது, ஆனால் குருவி தின்பது அந்த அடித் தானியத்தைத்தான். கோடைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டைத் தாங்க ஓரங்குல இரும்புக் குழாய் ஆறரை அடி போதும். எழுவான்கரை (வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பக்கம்) மணலில் நட்டால் மழையில் இளகிச் சரியும், ஆகையால் பழைய பெயின்ற் வாளியில் சீமெந்து ஊற்றி அதற்குள் குழாயை நிறுத்தி, வாளியோடு புதையுங்கள். நிலத்துக்கு மேலே ஐந்தடி நிற்க வேண்டும். பூனையும் எலியும் ஏறாமல் இருக்க, நாலங்குல எஸ்லோன் குழாயில் இரண்டரை அடித் துண்டு வெட்டி, தட்டுக்குக் கீழே இரும்புக் குழாயைச் சுற்றித் தொங்க விடுங்கள். மேல்வாயைத் தகரத் துண்டால் அடைக்க வேண்டும். வழுவழுப்பான அகலக் குழாயில் நகம் பிடிக்காது. பற்றை, விறகுக்கட்டு, மீன்பெட்டி என்று பூனை பதுங்கக்கூடிய எதுவும் தட்டில் இருந்து ஏழடிக்குள் இருக்கக்கூடாது. ஆனால் பயந்து எழும்பும் குருவி போய் இருக்க ஒரு மரம் பதினைந்தடிக்குள் வேண்டும். வல்லூறு வந்தால் அந்தப் பதினைந்தடிதான் குருவிக்கு உயிர்.

முசுறு உள்ள மாமரக் கிளையில் எதையும் கட்டித் தொங்கவிடாதீர்கள். பழத்தில் முசுறு மொய்த்தால் ஒரு குருவியும் கிட்ட வராது. வேறு மரமென்றால், தொங்கும் கம்பியில் இரண்டங்குலத்துக்குக் கிறீஸ் பூசி, அதற்கு மேலே ஒரு சின்னப் பால்மா டின்னைக் கவிழ்த்துக் கோர்த்துவிடுங்கள். கிறீஸ் டின்னுக்குள் மறைந்திருக்க வேண்டும். இறகில் கிறீஸ் பட்டால் நனைவைத் தாங்கும் தன்மை போய்விடும், மழையில் அது கொடுமை.

இப்போது தீனுக்கு வருவோம். தானியம் தின்னும் குருவிகள் எங்கள் பக்கம் முக்கியமாக மூன்று வகை: சிட்டுக்குருவி, நெற்குருவி என்று பொதுவாகச் சொல்லும் சில்லைகள், மணிப்புறா. இவற்றுக்குத் தினை, குரக்கன், குறுணல் அரிசி மூன்றையும் சம அளவில் கலந்து வையுங்கள். ஒரு வீட்டுக்குக் காலையில் இரண்டு மேசைக்கரண்டி. அவ்வளவுதான். ஒரு சில்லையின் எடை பன்னிரண்டு முதல் பதினாறு கிராம்; அதன் வயிறு எவ்வளவு கொள்ளும் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்பது மணிக்குள் தட்டு காலியானால் மறுநாள் இன்னொரு கரண்டி கூட்டலாம். மிஞ்சினால் குறைக்க வேண்டும்.

காலியா இல்லையா என்று பார்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சில்லை தின்பதைக் கிட்ட நின்று கவனித்தால் தெரியும். தினையை அலகின் நடுவில் வைத்து நாக்கால் உருட்டும், பக்கவாட்டில் ஒரு நெரி, தோல் இரண்டு துண்டாகப் பிளந்து அலகோரம் வழிந்து விழும், பருப்பு மட்டும் உள்ளே போகும். ஒரு மணிநேரம் முன் வைத்த தட்டு இன்னும் நிறைந்திருப்பதுபோல் தோன்றினாலும் அது முழுக்க உமிதான். குனிந்து ஒரு தரம் ஊதிப் பாருங்கள். பறந்து போனால் அது உமி. அதை அகற்றாமல் மேலே புதுத்தினை கொட்டினால், ஈர உமிப் படுக்கையில் முளையும் பூஞ்சணமும் தானாக வரும். உங்கள் தட்டில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பூஞ்சணம் கண்ட தானியத்தைக் கழுவிக் காயவைத்துத் திரும்ப வைக்காதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள். அந்தப் பூஞ்சை விடும் அஃப்லடொக்சின் என்ற நஞ்சு கழுவினாலும் போகாது, வறுத்தாலும் போகாது, ஈரலைக் கெடுக்கும். அதன் விதைத்தூள் குருவியின் மூச்சுப்பையில் குடியேறியும் கொல்லும். கச்சான்கொட்டையில் இது இன்னும் விரைவாக வரும், அதனால் மாரியில் கச்சான் வேண்டவே வேண்டாம். தானியத்தை மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம். வெயில் தலைகாட்டும் முதல் நாளில் சுளகில் பரப்பிக் காயவைத்து, சூடு ஆறியபின் இறுக்கமான டின்னில் போடுங்கள். சூட்டோடு மூடினால் டின் உள்ளே வியர்க்கும். மருந்து தடவிய விதைநெல்லை, அதாவது நிறம் ஏற்றியிருப்பதை, கனவிலும் நினைக்கக்கூடாது.

பழம் தின்பவை வேறு கூட்டம். கொண்டைக்குருவி, மைனா, குக்குறுவான், மாங்குயில், குயில். இவற்றுக்கு ஒரு சிரட்டை போதும். கண்ணுள்ள பாதிச் சிரட்டையை எடுத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அடியில் நாலு துளை, விளிம்பில் மூன்று துளை போட்டு, தடித்த நூலில் தொங்கவிடுங்கள். நைலோன் தங்கூசி வேண்டாம், காலில் சுற்றும். ஒரு துண்டு பப்பாசி அல்லது பாதி வாழைப்பழம், நன்றாகக் கனிந்தது. மைனா வருவதைப் பார்த்துக் கோபிக்காதீர்கள். அது அள்ளிப்போடும் துண்டை நிலத்தில் வேறு குருவிகள் பொறுக்கும். உச்சிக்கு முன் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். புளித்த பழத்துக்குக் குளவி வரும். யானை இறங்கும் எல்லைக் கிராமங்களில், வாவிக்கு மேற்கே படுவான்கரையின் உட்புறத்திலும் அம்பாறை மாவட்டத்துக் காட்டோர ஊர்களிலும், வாழைப்பழ வாசனை வேலிக்குள் வராமல் இருப்பதுதான் புத்தி. அங்கே பழத்தை முற்றாக விட்டுவிட்டுத் தானியத்தோடு நில்லுங்கள், அதையும் பொழுதுபட முன் அகற்றிவிடுங்கள்.

சோறு, பாண், பிஸ்கற் எதுவும் தட்டில் வேண்டாம். உப்புப் பட்ட கறிச்சோறு சிறு குருவியின் உடலுக்கு ஒத்துக்காது. பாணில் வயிறு நிரம்புமே தவிரச் சத்து ஏறாது. ஈரச்சோறு மத்தியானத்துக்குள் புளித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சோறுதான் காகத்தைக் கூப்பிடுகிறது. காகத்துக்குச் சோறு வைப்பது எங்கள் வீடுகளில் விரதநாள் வழக்கம், அதை விடச் சொல்லவில்லை. இடத்தையும் நேரத்தையும் பிரியுங்கள். குருவித்தட்டு தென்மேற்கில், காலை ஆறேகாலில் இருந்து ஒன்பது மணி வரை. காகத்துக்கான பிடிசோறு வீட்டின் எதிர்ப்பக்க மதிலில், மத்தியானம். காகம் கூரிய புத்தியுள்ளது. எங்கே எப்போது தனக்கு உண்டென்று ஒரு வாரத்தில் பழகிவிடும். அப்படியும் தட்டைக் கைப்பற்றினால், ஒன்றரை அங்குலச் சதுரக் கண்ணுள்ள கம்பிவலையால் தட்டைச் சுற்றி ஒரு கூடு கட்டுங்கள். சிட்டும் சில்லையும் உள்ளே போகும், காகமும் மைனாவும் வெளியே நிற்கும். வெட்டிய கம்பி முனைகளை வெளிப்புறம் மடித்து அராவ மறக்க வேண்டாம்.

எலிக்கு மருந்து வைப்பது தீர்வல்ல. மருந்து தின்று தள்ளாடும் எலியை ஆந்தை பிடித்தால் ஆந்தையும் போகும். எலி இரவில் வருவது இரவில் தீன் கிடப்பதால்தான். ஒன்பது மணிக்குத் தட்டைத் தட்டி, கீழே சிந்தியதைக் கூட்டி அள்ளிவிட்டால் பத்து நாளில் எலி வழியை மாற்றும். இதில் அசட்டை கூடாது: எலியின் சிறுநீர் கலந்த மழைத்தண்ணீர் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும், எலியைத் தேடிச் சாரையும் நாகமும் வரும். வீட்டார் நிறுத்தச் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

தண்ணீர்ச் சட்டி பற்றியும் நீங்கள் யோசிக்கலாம். உண்மையில் அது மாரிக்கான வேலை அல்ல, மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசி எல்லாம் வறளும்போது செய்ய வேண்டியது. மாரியில் வைக்கத்தான் வேண்டுமென்றால் மழையில்லா நாளில் மட்டும், ஓரடி அகல மண்சட்டியில் ஓரங்குல ஆழத்துக்கு, நடுவில் ஒரு கல்லோடு. பொழுதுபட ஊற்றிக் கவிழ்த்துவிடுங்கள். மூன்று நாளுக்கொரு தரம் தும்பால் உட்சுவரைத் தேய்க்க வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீரில் அல்ல, தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டும். அது காய்ந்தும் மாதக்கணக்கில் கிடந்து, திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வெறுமனே ஊற்றிவிட்டால் போதாது என்பது இதனால்தான்.

தேன்சிட்டுக்குச் சீனித்தண்ணீர் வைப்பதை ஊக்குவிக்க மாட்டேன். எங்கள் வெக்கையில் ஒரு நாளில் புளிக்கிறது, எறும்பு ஒரு பக்கம். ஒரு செவ்வரத்தைத் தடி வெட்டி மாரியில் ஊன்றினால் தானே வேர்விடும். பூத்தபின் பாருங்கள்: தேன்சிட்டு பூவின் வாய்க்குள் தலையை விடுவதில்லை, காம்பருகே பூவடியில் அலகால் குத்தித் துளைத்துத் தேனை உறிஞ்சும். மறுநாள் உதிர்ந்த பூவை எடுத்துப் பார்த்தால் அடியில் சிறு கீறல் இருக்கும். முருங்கையும் வாழைப்பொத்தியும் இருந்தால் அதுவே விருந்து. பழத்துக்கு ஒரு ஜேம் மரம் வையுங்கள், இரண்டு மூன்று ஆண்டில் காய்க்கும், ஆண்டு முழுக்கக் கொண்டைக்குருவி அதில் குடியிருக்கும். கறிவேப்பிலை மரத்தைக் கொஞ்சம் வளரவிட்டுப் பழுக்கவும் விடுங்கள், குயில் தேடி வரும். மரம் நட்டு அதில் பறவை உண்டாலும் அது தர்மக் கணக்கில் சேரும் என்று நபிமொழி சொல்கிறது. காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் இதைச் சிறுபிள்ளையே சொல்லும்.

இவ்வளவும் தட்டுக்கு வரும் குருவிகளின் கதை. ஆனால் மாரியில் வளவுக்கு வரும் அருமையான விருந்தாளிகள் தட்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

புரட்டாதி ஐப்பசியில் வடக்கே இருந்து வலசை வரும் பறவைகளுக்கு இலங்கை கடைசி நிலம். இதற்குத் தெற்கே அந்தாட்டிக்காக் கண்டம் வரை கடல்தான். குமணவுக்கும் பொத்துவில் களப்புக்கும் வரும் நீர்ப்பறவையைப் பார்க்க ஆட்கள் தூரத்தில் இருந்து வருகிறார்கள். அதே பயணத்தில் வரும் சிறு குருவிகள் எங்கள் கிணற்றடியில் இறங்குவதை நாங்கள் கவனிப்பதில்லை. அவை பூச்சி தின்பவை. தினையோ பழமோ அவற்றுக்கு வேண்டாம். அவற்றுக்கு வேண்டியது சருகு. காலையில் ஈர்க்குமாற்றால் வளவு முழுக்க வரி வரியாகக் கூட்டிக் குப்பையை எரிப்பது எங்கள் பெருமை. முன்முற்றத்தை அப்படியே கூட்டுங்கள். பின்வளவில், மாமரத்துக்கோ பலாவுக்கோ கீழே, பத்தடிக்குப் பத்தடி மட்டும் தும்புத்தடி படாமல் விடுங்கள். சருகு மூன்று நாலு அங்குலம் சேரட்டும். அதற்குள் கறையானும் மண்புழுவும் வண்டுப்புழுவும் சேரும். வீட்டுச் சுவரில் இருந்து இருபதடி தள்ளியும், பிள்ளைகள் விளையாடாத இடத்திலும் இருக்கட்டும். பாம்பு பற்றிய பயத்துக்கு அந்த இடைவெளி பதில்.

அங்கே வருவது ஆறுமணிக்குருவி. விடியலிலும் பொழுதுபடும்போதும் ஏறக்குறைய ஆறு மணிக்கு, இரண்டு சுரத்தில் ஒரு சீட்டி அடிக்கும். பெயர் அதனால் வந்தது. மைனாவைவிடச் சிறியது, வால் இல்லையென்றே சொல்லலாம். முதுகு பச்சை, வயிறு மஞ்சள் கலந்த மண்நிறம், தோளில் நீலத் திட்டு, கண்ணை ஊடறுத்து ஒரு கறுப்புப் பட்டை, வாலடியில் இரத்தச் சிவப்பு. இத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு நிழலில் நின்றால் கண்ணில் படாது. சருகைக் கிளறும் சத்தம்தான் காட்டிக்கொடுக்கும். இரண்டு எட்டுத் துள்ளும், நிற்கும், ஓர் இலையை அலகால் பிடித்துப் பக்கத்தில் எறியும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், குத்தும். நீங்கள் அசைந்தால் நடந்தே மறைந்துவிடும், பறக்காது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்து, ஐப்பசியளவில் இங்கே வந்து, சித்திரை வரை தங்கும்.

அதே சருகில் காட்டு வாலாட்டியும் வரலாம். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது உடம்போடு சேர்த்துப் பக்கவாட்டில் ஆட்டும். அடையாளத்துக்கு அது ஒன்றே போதும். வேலிக்கம்பில் இருந்து கரகரவென்று ஏசுவது பழுப்புக் கீச்சான், முகமூடி கட்டியதுபோல் கண்ணில் கறுப்புப் பட்டையோடு. ஒரு வளவைப் பிடித்தால் மாரி முடியும் வரை அதே கம்பில்தான் இருக்கும். நீண்ட நாடா வாலோடு வெள்ளை வேதிவால் குருவி ஒன்று தெரிந்தால் அதுவும் வடக்கே இருந்து வந்த ஆண்தான். இங்கேயே இருக்கும் இனத்தில் ஆணும் செம்பழுப்பு, வெள்ளை ஆவதில்லை.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. மார்கழியில் சூரியன் ஆறு மணிக்குச் சற்றுப் பின்தான் எழும்பும். தட்டை வைத்துவிட்டு இருபதடி தள்ளி, உங்களுக்குப் பின்னால் சுவரோ மரமோ இருக்கும்படி கதிரை போட்டு இருங்கள். ஆளின் வரிவடிவம் வானத்தில் தெரிந்தால் எதுவும் இறங்காது. தினமும் ஒரே இடம், ஒரே நேரம். புதுத் தட்டுக்கு முதல் குருவி வரப் பத்து நாளும் ஆகலாம். இடத்தை மாற்றி மாற்றி வைப்பவர்களுக்கு ஒருபோதும் வராது. விடியலைவிடச் சிறந்த நேரம் ஒன்று உண்டு, பெருமழை விட்ட முதல் அரை மணிநேரம். பசியோடு ஒதுங்கியிருந்த எல்லாம் ஒன்றாக வெளியே வரும். புலுனிக் கூட்டம் வரிசையாக நிலத்தில் இறங்கி ஒன்றின் இறகை ஒன்று கோதும். அவை திடீரென ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தத் தொடங்கினால் நீங்களும் அங்கே பாருங்கள். பெரும்பாலும் பூனை அல்லது பாம்பு இருக்கும்.

தொலைநோக்கி வாங்குவதென்றால் 8 மடங்கு, 42 மில்லிமீற்றர் வில்லை உள்ளதைப் பாருங்கள். சின்ன வில்லை மாரி மப்பில் இருட்டாகத்தான் காட்டும். பாவித்தபின் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு இறுக்கமான பெட்டியில் வையுங்கள், அல்லது இரண்டு மாரியில் வில்லையில் பூஞ்சணம் படரும். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும், இலவசம். அதை முடிந்த தீர்ப்பாக எடுக்க வேண்டாம். குண்டுக்கரிச்சான் தன் பாட்டுக்குள் வேறு குருவிகளின் குரலையும் கலந்துவிடும். கண்ணால் கண்டபின் எழுதுங்கள். ஒரு கொப்பியில் திகதி, நேரம், மழை உண்டா இல்லையா, குருவி, எண்ணிக்கை, என்ன தின்றது. குயிலின் பேட்டை வேறு பறவையென்று எழுதாதீர்கள். ஆண் முழுக்கறுப்பு, பேடு கபில நிறத்தில் வெள்ளைப் புள்ளியோடு. இரண்டுக்கும் கண் சிவப்பு.

வாரம் ஒரு முறை தட்டைச் சவர்க்காரத்தில் தேய்த்து, ஒரு பங்கு வெளுப்புத் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு, நன்றாக அலசிக் காயவையுங்கள். காயாமல் திரும்ப வைக்கக்கூடாது. அதனால் இரண்டு தட்டு செய்வது வசதி. இறகை உப்பிக்கொண்டு தட்டருகே தூங்கும் குருவியோ, விழுங்க முடியாமல் அலகோரம் ஈரமாக இருக்கும் புறாவோ கண்டால் இரண்டு கிழமை தீனை நிறுத்துங்கள். நோய் பரவுவது கூட்டம் சேர்வதால்தான். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் தட்டு வேண்டாம். காகமோ வேறு பறவையோ பலதாகச் செத்துக் கிடந்தால் கையால் தொடாமல் பிரதேசத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

ஐப்பசியில் ஒரு காலை விறாந்தையில் ஆறுமணிக்குருவி ஒன்று சோர்ந்து கிடக்கலாம். இரவில் பறந்து வந்து வெளிச்சத்தில் மயங்கிச் சுவரில் அடிபடுவது அந்தக் குருவிக்கு வழக்கம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போகும். சோறும் வேண்டாம். மூடியில் துளையிட்ட சப்பாத்துப் பெட்டிக்குள் துணி விரித்து வைத்து, இருட்டான அமைதியான அறையில் ஒன்றிரண்டு மணிநேரம் விடுங்கள். பிள்ளைகள் திறந்து திறந்து பார்க்கக்கூடாது. பெட்டிக்குள் எழும்பித் துள்ளும் சத்தம் கேட்டபின், வளவில் நிழலான சருகோரம் கொண்டுபோய்த் திறந்து வைத்துவிட்டு விலகுங்கள். இறக்கை தொங்கினால் மட்டும் வனசீவராசிகள் அலுவலகத்துக்கோ மிருக வைத்தியருக்கோ அறிவியுங்கள்.

தை பிறந்து வயல் கதிர் முற்றத் தொடங்கினால் உங்கள் தட்டில் கூட்டம் குறையும். படுவான்கரையில் சில்லை முழுக்க வயலுக்குப் போய்விடும். தீன் பிடிக்கவில்லையோ என்று கவலைப்பட வேண்டாம், கரண்டியைக் குறையுங்கள். பெப்ரவரி நடுவில் நான்கு நாள் உலகம் முழுக்க முற்றத்துப் பறவைகளை எண்ணுகிறார்கள். பதினைந்து நிமிடம் இருந்து எண்ணி ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையத்தளத்தில் பதிந்தால் உங்கள் வளவும் அந்தக் கணக்கில் சேரும். பங்குனியில் வீட்டுக் குருவிகள் கூடு கட்டத் தொடங்கும்போது தானியத்தை நிறுத்திவிடுங்கள், குஞ்சுக்கு வேண்டியது புழு. தட்டைக் கழுவிக் காயவைத்துக் குசினிக் கூரையில் தலைகீழாகச் செருகி வையுங்கள். சருகுமூலையை மட்டும் சித்திரை முடியும் வரை கூட்ட வேண்டாம், ஆறுமணிக்குருவி அதுவரை அங்கே இருக்கும்.